தோற்றம் தெரியாது, மறைவு 1996

திருநின்றவூர் ரயில் நிலையத்திலிருந்து பெருமாள் கோயிலுக்குப் போகும் வழியில் சுவர்கள் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. யாராவது ஒருவர் கைகூப்பியபடி சிரித்துக்கொண்டிருப்பார். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. ஒரு பக்கம் தோற்றம், மறுபக்கம் மறைவு. கீழே மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், தெரு நண்பர்கள், கட்சிக்காரர்கள் என்று ஒரு நீண்ட வரிசை. ஓர் உயிரைப் பற்றி ஊருக்குச் சொல்லவேண்டியதெல்லாம் அந்த ஒட்டிய காகிதத்தில் அடங்கிவிடுகிறது. நான் எழுத வந்திருப்பதும் ஒரு மறைவைப் பற்றித்தான். மறைவுத் தேதி தெரியும்: 1996 ஜூலை, ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டம். தோற்றம் யாருக்கும் தெரியாது. உறவினர் யார் யார் என்பதிலோ பெரிய தகராறு இருக்கிறது.

இறந்தது நரம்புச் சிலந்தி. எட்டுக்கால் சிலந்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது ஒரு புழு. ஆங்கில மருத்துவம் கினிப்புழு என்றது, அறிவியல் டிராகன்குலஸ் மெடினென்சிஸ் என்று பெயர் வைத்தது. எகிப்திய மம்மி ஒன்றை 1975-இல் மான்செஸ்டரில் பிரித்துப் பார்த்தபோது, வயிற்றுச் சுவருக்குள் சுண்ணாம்பாய் இறுகிப்போன ஒரு புழு கிடந்தது. அதுவும் இதுதான் என்கிறார்கள். அவ்வளவு பழைய குடி. நம்மூரிலும் இது புதுசாக வந்து ஒட்டிக்கொண்டதில்லை. சித்த வைத்தியர்களுக்கும் நாவிதர்களுக்கும் இதைக் குச்சியில் சுற்றி எடுக்கத் தெரிந்திருந்தது.

அதன் பிழைப்பு எளிமையானது, கொடூரமானது. குளத்து நீரில் சைக்ளாப்ஸ் என்ற உயிரி மிதக்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் புள்ளி. அதற்குள் புழுவின் குஞ்சு இருக்கும். தண்ணீரை அப்படியே குடித்தால் சைக்ளாப்ஸ் வயிற்றில் செரித்துப்போகும், குஞ்சு செரிக்காது. குடல் சுவரைத் துளைத்து வெளியேறி, உடம்புக்குள்ளேயே வளர்ந்து, ஆணும் பெண்ணும் கூடும். சில சென்டிமீட்டருக்கு மேல் வளராத ஆண், கூடியபின் செத்துப்போகும். பெண் மட்டும் தோலுக்கடியில் ஊர்ந்து ஊர்ந்து ஒரு மீட்டர் வரை நீளும். நூடுல்ஸ் தடிமன். இதெல்லாம் நடக்கிற பத்துப் பன்னிரண்டு மாதமும் அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் கணுக்கால் பக்கம் ஒரு கொப்புளம் கிளம்பும். நெருப்பை வைத்தது போல எரியும். எரிச்சல் தாங்காமல் தண்ணீரில் காலை வைப்பார். அதற்காகத்தான் அந்த எரிச்சல். கொப்புளம் உடையும், புழுவின் தலை வெளியே நீளும், லட்சக்கணக்கான குஞ்சுகள் பால் போலப் பீய்ச்சிக்கொண்டு நீரில் கலக்கும். சைக்ளாப்ஸ் அவற்றைத் தின்னும். இரண்டு வாரத்தில் அடுத்த சுற்று தயார்.

வெளியே வந்த நுனியைக் குச்சியில் கட்டி, நாளுக்கு இரண்டு விரற்கடை வீதம் சுற்றிச் சுற்றி இழுப்பார்கள். வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு அறுந்தால் போச்சு. உள்ளே மாட்டிக்கொண்ட மிச்சம் சீழ் வைக்கும், கால் மடங்கியபடி நின்றுவிடும். இது பெரும்பாலும் உழவும் அறுவடையும் நெருங்கும் காலத்தில் வரும். ஒரு வீட்டில் இரண்டு பேர் படுத்தால் அந்த வருஷத்துச் சாகுபடி அவ்வளவுதான். வடக்கே தோல்பையில் தண்ணீர் சுமந்த பிஸ்திகளுக்கு இது முதுகில் கிளம்பியது, ஈரத்தோல் உரசிய இடத்தில். புழுவுக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

தண்ணீரோடு இதற்கு உள்ள உறவை முதலில் நிரூபித்தவர் ரஷ்யரான அலெக்ஸி ஃபெட்செங்கோ. 1870 வாக்கில் துர்க்கிஸ்தானில் புழுக் குஞ்சுகள் சைக்ளாப்ஸுக்குள் நுழைவதைப் பார்த்தார். ராபர்ட் லீப்பர் 1905-இல் இன்று கானா எனப்படும் தங்கக் கடற்கரைக்குப் போய், பிறகு ஒரு குரங்குக்குத் தொற்றிய சைக்ளாப்ஸைக் கொடுத்து உறுதி செய்தார். பம்பாயில் துர்குத் 1913-இல் மனிதர்களிடமே சோதித்துப் பார்த்தார். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அதற்குக் கையெழுத்துப் போடாது. 1930-களில் மைசூர் சமஸ்தானத்தில் மூர்த்தியும் ஸ்வீட்டும் இரண்டு காரியம் செய்தார்கள். படிக்கிணறுகளில் சைக்ளாப்ஸைத் தின்னும் சிறு மீன்களை விட்டார்கள். நாய்களுக்குச் சோதனைக்கூடத்தில் இந்தப் புழுவைத் தொற்றவைத்துக் காட்டினார்கள். முதல் காரியத்தை எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டாவதை ஒரு வேடிக்கையாகப் படித்துவிட்டு மறந்தார்கள். அந்த மறதிக்கு எழுபது எண்பது வருஷம் கழித்து சாட் நாட்டில் விலை கொடுக்கவேண்டி வந்தது.

திருநின்றவூர் என்றால் ஏரி. கரையில் நின்றால் அந்தப் பக்கம் தெரியாத அளவுக்கு நீர் நிற்கும் மாதங்கள் உண்டு. மழை வலுத்தால் ஏரி தானே தெருக்களுக்கு வந்துவிடுவதும் உண்டு. நரம்புச் சிலந்திக்கு இப்படிப்பட்ட அகன்ற நீர் தோதுப்படாது. குஞ்சுகள் சிதறிப்போகும். அதற்கு வேண்டியது சிறிய நீர்: கோடையில் சுருங்கிக் கலங்கிய குட்டை, படியிறங்கி முகக்கவேண்டிய கிணறு, குடிக்கவும் கால் அலம்பவும் ஒரே படித்துறை. அதாவது குடிக்கிற நீருக்குள் மனிதக் கால் இறங்கவேண்டும். ஒரே ஊரில் கோயில் குளத்தின் நாலு படி, ஏரியின் முழு நீரைவிட அதற்குப் பெரிய சொத்து.

அதனால்தான் அதை ஒழிக்கவும் மருந்து தேவைப்படவில்லை. தடுப்பூசியும் கிடையாது, மாத்திரையும் கிடையாது, இன்றுவரை கிடையாது. தேசிய கினிப்புழு ஒழிப்புத் திட்டம் 1983-84-இல் தொடங்கியபோது ஏழு மாநிலங்களில் 89 மாவட்டங்கள், 12,840 கிராமங்கள், ஏறத்தாழ 40,000 நோயாளிகள் கணக்கில் வந்தார்கள். அந்த ஏழில் தமிழ்நாடும் ஒன்று. 1980-களிலேயே முதலில் விடுபட்டதும் தமிழ்நாடுதான். செய்ததெல்லாம் சாதாரண வேலை. படிக்கிணற்றின் படிகளை மூடி, கைப்பிடிச் சுவர் கட்டி, வாளியில் சேந்தும் கிணறாக மாற்றினார்கள். குடத்து வாயில் துணி கட்டி வடிகட்டச் சொன்னார்கள். கிணற்றில் சைக்ளாப்ஸைக் கொல்லும் டெமிபாஸ் ஊற்றினார்கள். வீடு வீடாகப் போய்க் கால்களைப் பார்த்தார்கள். கொப்புளம் வந்தவரைத் தண்ணீரில் இறங்கவிடாமல் தடுத்தார்கள்.

இந்த வெற்றியில் பாதிப் பங்கு அடிபம்புக்கு உண்டு என்பேன். யுனிசெஃப் உதவியோடு உருவான இந்தியா மார்க் டூ பம்பு, கோயம்புத்தூர் மாவட்டத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டு, சென்னையில் ரிச்சர்ட்சன் அண்டு க்ரூடாஸ் தொழிற்சாலையில் 1970-களின் கடைசியில் தயாரானது. அதை அடித்தால் கையில் ஆணி விழும், கிறீச்சென்று தெருவே அலறும். ஆனால் அதற்குள் யாருடைய காலும் இறங்க முடியாது. ஆழத்திலிருந்து வரும் நீரில் சைக்ளாப்ஸும் கிடையாது. உலகத்தின் மிகப் பழைய ஒட்டுண்ணிகளில் ஒன்றை இந்தியாவில் கொன்றதில் அந்த இரும்புக் கைப்பிடிக்கு எத்தனை பங்கு என்று எந்தப் பாடப்புத்தகமும் பெருமையாகச் சொல்வதில்லை. இப்போது மேற்குப் புறநகரில் அந்தப் பம்புகள் துருப்பிடித்து, கைப்பிடி போய், நாய் கட்டும் கம்பமாக நிற்கின்றன. அதற்கும் தனியாக ஓர் இரங்கல் எழுதலாம்.

1996 ஜூலைக்குப் பிறகு புது நோயாளி இல்லை. 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்றிதழ் கொடுத்தது. இந்த மரணத்துக்கு யாரும் அழவில்லை. அழக்கூடாதுதான். வயல் நேரத்தில் காலை நீட்டிக்கொண்டு குச்சியைச் சுற்றிக் கிடந்தவர்களின் கணக்கில், இது நல்ல சாவு. என் குறை வேறு. இறந்தது யார் என்று சரியாகப் பார்க்காமலே அடக்கம் செய்துவிட்டோம்.

அப்படிச் சொல்ல ஒரு பழைய ஆதாரம் இருக்கிறது. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. அங்கிருந்து வந்த இதழின் பெயர் ‘கெய்ரான்’. கிரேக்கக் கதையில் மருத்துவம் சொல்லிக்கொடுத்த குதிரை மனிதன். அந்த இதழில் 1980-இல் இரண்டு சிறு குறிப்புகள் வந்தன. ஒன்று நாய்களில் கினிப்புழுத் தொற்று. இன்னொன்று ஒரு தெருப் பூனையில் கினிப்புழு. தேசியத் திட்டம் தொடங்க இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மனிதரிடம் புழு இன்னும் முற்றாகப் போகவில்லை. அந்த நேரத்தில் நாயிலும் பூனையிலும் அதே புழு. இன்று ஒட்டுண்ணியியல் படிப்பவர்கள் அந்தக் குறிப்புகளைத் தேடி எடுத்து மேற்கோள் காட்டுகிறார்கள். அன்றைக்கு அது பெரிய செய்தியாகவில்லை. விலங்கில் எப்போதாவது வரும், மனிதரில் நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்பதே உலகம் முழுக்க நம்பிக்கை.

நாய்க்குள் இருந்த புழுவும் மனிதனுக்குள் இருந்த புழுவும் ஒன்றுதானா? 1980-இல் இதற்குப் பதில் சொல்லக்கூடிய கருவி நுண்ணோக்கி மட்டுமே. நுண்ணோக்கிக்கு ஒரு சங்கடம் இருந்தது. இந்தப் பேரினத்துப் புழுக்களைத் தனித்தனி இனமாகப் பிரிக்க ஆண் புழு வேண்டும். அதன் வால் நுனியில் இருக்கும் கூடலுறுப்பின் அளவும், சுற்றியுள்ள சிறு முளைகளின் வரிசையும்தான் அடையாளம். ஆணோ உடம்புக்குள் எங்கோ செத்துக் கரைந்திருக்கும். கால் வழியாக வெளியே வந்து வைத்தியர் கையில் சிக்குவது பெண் மட்டும். எல்லா இனத்துப் பெண்களும் ஒரே குஞ்சுப் பை, ஒரே வெள்ளைக் கயிறு. ஆக, மனிதரில் வந்தால் மெடினென்சிஸ், வட அமெரிக்க ரக்கூனில் வந்தால் இன்சிக்னிஸ், பாம்பில் வந்தால் வேறொன்று என்று, எந்த வீட்டில் இருந்து வந்தது என்பதை வைத்தே பெயர் வைத்தார்கள். ஆளைப் பார்த்துச் சொன்ன பெயர் இல்லை, விலாசத்தைப் பார்த்துச் சொன்ன பெயர். நாய்க்கும் பூனைக்கும் விலாசம் எது? ஊருக்குள் மனிதப் புழு இருந்தது, அதனால் மனிதப் புழு என்று எழுதினார்கள். அன்றைய அறிவுக்கு அது நியாயமான முடிவு.

மூன்றே வருஷம் கழித்து, 1983-இல், கலிஃபோர்னியாவில் இரவில் கார் ஓட்டிக்கொண்டிருந்த கேரி முல்லிஸுக்கு ஒரு யோசனை வந்தது. டி.என்.ஏ.வின் ஒரு துண்டை நகலெடுத்து, நகலை நகலெடுத்து, சில மணி நேரத்தில் கோடிக்கணக்கில் பெருக்கும் வழி. அதற்காக 1993-இல் நோபல் கிடைத்தது. பி.சி.ஆர். என்ற மூன்றெழுத்தை நம் ஊரார் 2020-இல் மூக்கில் குச்சி விட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஒட்டுண்ணிக்காரர்களுக்கு அது அதற்கு முன்பே பெரிய விடுதலையாக வந்திருந்தது. ஆண் வேண்டாம், வால் வேண்டாம், முழுப் புழுகூட வேண்டாம். நகக்கண் அளவு துண்டு போதும். எல்லா உயிரிலும் இருக்கும், இனத்துக்கு இனம் கொஞ்சம் மாறும் சில மரபணுக்கள் உண்டு. ரைபோசோமுக்கு உரிய 18எஸ், மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் காக்ஸ்1 போன்றவை. அவற்றைப் பெருக்கி எழுத்தெழுத்தாகப் படித்தால் புழு தன் பெயரைத் தானே சொல்லும். 2005-இல் கானாவின் மனிதப் புழுவையும் அமெரிக்க ரக்கூன் புழுவையும் 18எஸ் வரிசையை வைத்துப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு பெண் புழுக்கள் வேறு வேறு என்று காகிதத்தில் தெளிவாக நின்றன.

இந்தக் கருவியின் முழுப் பலமும் தெரிந்தது சாட்டில். அங்கே பத்து வருஷம் மனிதரில் ஒரு நோயாளியும் இல்லை. ஒழிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். 2010-இல் திரும்ப வந்தது. வந்த விதமும் விசித்திரம். ஒரே குளத்தில் குடித்தவர்கள் கூட்டமாக விழுவது இதன் பழைய வழக்கம். இங்கே ஒரு கிராமத்தில் ஒருவர், எங்கோ தள்ளி இன்னொருவர். 2012-இல் சாரி ஆற்றங்கரைக் கிராமங்களில் நாய்களின் கால்களில் புழு தொங்குவதைக் கவனித்தார்கள். தேடத் தேட மனிதரைவிட நாய்கள் பல மடங்கு. 2019-இல் சாட்டில் மட்டும் ஏறக்குறைய இரண்டாயிரம் விலங்குகள், பெரும்பாலும் நாய்கள். இது நாய்க்கே உரிய வேறு புழு என்றால், ஒழிப்புத் திட்டம் அதைக் கண்டுகொள்ளாமல் தன் வேலையைப் பார்க்கலாம். ஒரே புழு என்றால், நாய்களை விட்டுவிட்டு மனிதரில் ஒழிப்பது நடக்காத காரியம். கோடிக்கணக்கான டாலரும் முப்பது வருஷ உழைப்பும் இந்த ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தன. நுண்ணோக்கியால் தீர்க்க முடியாத கேள்வி, வேப்பேரியில் 1980-இல் எழுந்த அதே கேள்வி.

புழுவின் முழு மரபணுத் தொகுதியையும் படித்தார்கள். பத்துக் கோடி எழுத்துக்குக் கொஞ்சம் அதிகம். 2014-இல் வந்த முதல் பதிலும், 2018-இலும் 2020-இலும் வந்த விரிவான ஆய்வுகளும் ஒன்றையே சொல்லின. நாய்ப் புழு, மனிதப் புழு என்று இரண்டு கூட்டம் அங்கே கிடையாது. ஒரே கூட்டம், இரண்டு வீட்டிலும் குடியிருக்கிறது. மாலியின் புழுவும் சாட்டின் புழுவும் தூரத்தால் வேறுபடுகின்றன. சாட்டின் நாயும் சாட்டின் மனிதனும் வேறுபடவில்லை. பிறகு அதையும் தாண்டிப் போனார்கள். புழுவின் வாழ்க்கை ஒரு வருஷச் சுற்று என்பதால், போன வருஷம் எந்தக் கிராமத்தில் வெளிவந்த தாயின் மகள் இந்த வருஷம் எந்தக் கிராமத்து நாயில் வந்திருக்கிறாள் என்று மைட்டோகாண்ட்ரியாவை வைத்துக் குடும்ப மரம் போட முடிந்தது. தண்ணீர் கிராமத்துக்குக் கிராமம் நடந்து போவதில்லை. போனது நாயா, மீனா, மீன் வியாபாரியா என்று கேட்க வழி பிறந்தது.

நாய்க்கு எப்படி வந்தது? தண்ணீரை நக்கிக் குடிக்கும் நாய் சைக்ளாப்ஸை அவ்வளவாக விழுங்காது. நாக்கின் வீச்சில் அது விலகிப்போகும். சந்தேகம் மீனின் மேல் விழுந்தது. சைக்ளாப்ஸைத் தின்ற மீனின் குடலிலும் தவளையிலும் குஞ்சு தங்கும். மீனவர் அறுத்து எறிந்த குடலை நாய் தின்னும். எனவே சாட்டில் மீன் குடலைப் புதைக்கச் சொன்னார்கள், நாயைக் கட்டிவைத்தால் வெகுமதி கொடுத்தார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சாரி ஆறு அந்நியமாகத் தோன்றவில்லை. எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மீன் கடை எதிலும் பாருங்கள். ஜிலேபியும் கெளுத்தியும் ஆய்ந்து தரும் அம்மாவின் அருவாமணைக்கு முன்னால் நாலு நாய் உட்கார்ந்திருக்கும், பந்தியில் இலை போடக் காத்திருப்பவர்கள் போலப் பொறுமையாக. செவுள் ஒன்றுக்கு, குடல் ஒன்றுக்கு. அந்த அம்மாவுக்கு ஒவ்வொன்றின் பெயரும் தெரியும். ஆப்பிரிக்காவில் நடந்தது நம் தெருவில் நடக்கத் தேவையான எல்லா ஏற்பாடும் இங்கேயும் இருந்தது, புழுவைத் தவிர.

புழுவைத் தவிர என்று சொன்னது சரியா என்று யோசிக்க வைத்தது வியட்நாம். 2020 முதல் அங்கே மனிதர்களின் உடம்பிலிருந்து நீளமான வெள்ளைப் புழுக்கள் வெளிவந்தன. பார்த்தால் அச்சு அசல் கினிப்புழு. டி.என்.ஏ.வைப் படித்தால் மெடினென்சிஸ் இல்லை. அதே பேரினத்தின் வேறு உறவுக்காரன், ஊர்வனவற்றில் வாழும் புழுக்களின் பக்கத்து வீடு. நுண்ணோக்கி மட்டும் இருந்திருந்தால் உலக சுகாதார நிறுவனத்துக்கு அன்றிரவே தந்தி பறந்திருக்கும். ஆசியாவில் கினிப்புழு திரும்பிவிட்டது என்று தலைப்புச் செய்தி வந்திருக்கும். இந்தியப் பாம்புகளிலும் இந்தப் பேரினத்துப் புழுக்கள் பதிவாகியிருக்கின்றன. தெருப் பூனை தவளை தின்னும், ஓணான் தின்னும், சமயத்தில் பாம்புக்குட்டியோடும் விளையாடும். அப்படியானால் 1980-இன் அந்தப் பூனைக்குள் இருந்தது யார்? மனிதரின் காலிலிருந்து குளத்துக்கும், குளத்திலிருந்து பூனைக்கும் போனதா? அப்படியென்றால் மனிதக் கால் நின்றதும் அதுவும் நின்றிருக்கும், கணக்கு முடிந்தது. இல்லை, பாம்பின் புழு வழிதவறிப் பூனைக்குள் வந்ததா? அப்படியென்றால் அது சாகவே இல்லை. இன்னமும் ஏதோ ஒரு தாமரைக் குட்டையில் தன் பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, நம் சான்றிதழ்களைப் பற்றிக் கவலைப்படாமல்.

சென்னைக்கு இதில் ஓர் எதிர் உதாரணமும் உண்டு, சொல்லாமல் போக மனமில்லை. 1910-இல் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இருந்த பேட்டன் என்ற ராணுவ மருத்துவர், நரி வேட்டையாடிய வெள்ளைக்காரத் துரைகளின் மெட்ராஸ் ஹன்ட் நாய்களின் ரத்தத்தில் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணியைக் கண்டார். பிறகு நரியின் ரத்தத்திலும் அதையே கண்டார். அதற்கு வைத்த பெயரில் இன்று பபீசியா கிப்சோனி வாழ்கிறது. உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லி வேப்பேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் நாய்களில் பலவற்றுக்கு அதுதான் எமன். வேட்டை போனது, துரைகள் போனார்கள், மேற்குப் புறநகரில் நரி ஊளை கேட்டு எவ்வளவோ காலமாயிற்று; ஒட்டுண்ணி போகவில்லை. அதனால் அதனிடம் கேள்வி கேட்க முடிந்தது. கலிஃபோர்னியா நாய்களில் இருந்த சின்னப் பபீசியாவையும் வெகுகாலம் கிப்சோனி என்றே எழுதிவந்தார்கள். 18எஸ் வரிசையைப் படித்ததும் அது வேறு என்று தெரிந்து, 2006-இல் கான்ரடே என்று தனிப்பெயர் கொடுத்தார்கள். மெட்ராஸ் நாயின் ஒட்டுண்ணி தன் பெயரைத் தக்கவைத்துக்கொண்டது. உயிரோடு இருப்பவன் கோர்ட்டுக்கு வந்து நான்தான் என்று சொல்ல முடிகிறது.

செத்தவனுக்கு அந்த வசதி இல்லை. பழைய கால்நடைக் கல்லூரிகளின் அருங்காட்சியக அலமாரிகளில் புழுக்கள் ஜாடி ஜாடியாக நிற்கும். மஞ்சளித்த திரவம், கையால் எழுதிய சீட்டு. அந்தத் திரவம் பெரும்பாலும் ஃபார்மலின். உருவத்தைக் காக்க அதைவிட நல்லது கிடையாது. ஆனால் அது புரதத்தோடு டி.என்.ஏ.வைப் பின்னிப் பூட்டிவிடும், நாளாக நாளாகத் துண்டு துண்டாக நொறுக்கும். அதிலிருந்து படிக்க இப்போது முயல்கிறார்கள். சில சமயம் சில வரிகள் தேறும், பெரும்பாலும் கை விரித்துவிடும். ஆல்கஹாலில் போட்டுவைத்திருந்தால் கதையே வேறு. 1980-இல் ஒரு புழுவை ஆல்கஹாலில் போடவேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? எதிர்காலத்தில் அதன் எழுத்தைப் படிக்கப்போகிறார்கள் என்று அன்று வேப்பேரியில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஆப்பிரிக்கப் புழுக்களை ஒப்பிட்ட 2020-இன் பெரிய ஆய்வில் கானா இருக்கிறது, மாலி இருக்கிறது, சாட், எத்தியோப்பியா, தென் சூடான் எல்லாம் இருக்கின்றன. ஜோத்பூரும் இல்லை, மைசூரும் இல்லை, சென்னையும் இல்லை. மம்மி காலத்திலிருந்து எகிப்துக்கும் இந்தியாவுக்கும் இடையே கப்பலிலும் ஒட்டகத்திலும் ஆட்கள் போய்வந்திருக்கிறார்கள். புழுவும் அவர்கள் கால்களில் போய்வந்திருக்கும். எது தாய், எது மகள் என்று கேட்க இந்தியத் தரப்பில் சாட்சிக் கூண்டில் ஏற ஆளில்லை. திருநின்றவூரில் பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கல் சுமந்து, சிற்பி வைத்து, கும்பாபிஷேக நாளும் குறித்துக் கோயில் கட்டியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. கல் கோயில் கட்டிய மன்னன் காடவர்கோன் தேடிவந்து பார்த்தால் கண்ணுக்கு ஒன்றுமில்லை. பூசலாருக்காக இறைவனே அந்த மன்னனின் கனவில் வந்து சாட்சி சொல்லியிருந்தார். நம் ஏட்டுப் புழுவுக்காக யாரும் யார் கனவிலும் வரமாட்டார்கள்.

ஒரு வழி இன்னும் கொஞ்சம் திறந்திருக்கிறது என்று சிலர் சொல்வதுண்டு. வெளியே வராமல் உடம்புக்குள்ளேயே செத்த புழு சுண்ணாம்பாகிவிடும். நோய் இருந்த ஊர்களின் முதியவர்களுக்கு மூட்டுவலிக்கு எக்ஸ்ரே எடுத்தால், தொடையிலோ கணுக்காலிலோ வெள்ளைச் சரிகை போலச் சுருண்டு கிடப்பதைக் கதிர்ப்பட மருத்துவர்கள் இன்றும் பார்க்கிறார்கள். இளம் மருத்துவருக்கு அது என்னவென்று தெரியாது, மூத்தவர்தான் சொல்லவேண்டும். எலும்பிலிருந்தும் பல்லிலிருந்தும் ஆயிரம் வருஷத்து டி.என்.ஏ. எடுக்கிறார்கள்தான். ஆனால் யாராவது ஒரு எழுபது வயதுப் பாட்டியின் காலை அறுத்துச் சுண்ணாம்பு எடுத்து அறிவியல் செய்யவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அவர் அனுபவித்தது போதும்.

உலகக் கணக்கும் முடியும் கட்டத்தில்தான் இருக்கிறது. 1986-இல் ஏறத்தாழ 35 லட்சம் நோயாளிகள் என்று மதிப்பிட்ட இடத்தில், 2024-இல் மனிதரில் 15 பேர்தான். அதே ஆண்டு விலங்குகளிலோ அறுநூறுக்கு மேல். கடைசிப் புழு தனக்கு முன்னால் போகவேண்டும் என்று ஆசைப்பட்டு இந்த ஒழிப்புக்காக உழைத்த முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், அந்த வருஷம் டிசம்பர் 29-ஆம் தேதி நூறு வயதில் போய்விட்டார், புழு முந்தவில்லை. இப்போது வெளிவரும் ஒவ்வொரு புழுவின் துண்டும் ஆல்கஹாலில் ஏறி அட்லாண்டாவில் உள்ள அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் ஆய்வகத்துக்குப் போகிறது. ஆப்பிரிக்காவின் கடைசிப் புழு சாகும்போது அதன் தாய், பாட்டி, எந்தக் கிராமத்து நாய் எல்லாம் கோப்பில் இருக்கும்.

நம்மிடம் உள்ள பழைய ஜாடிகளை யாராவது ஒருமுறை திறந்து பார்க்கலாம். சீட்டில் 1980-க்கு முந்தைய தேதியும் ‘டிராகன்குலஸ்’ என்ற பெயரும் இருந்து, திரவம் ஃபார்மலினாக இல்லாமல் போனால் அதிர்ஷ்டம். அது ஒருபுறம் இருக்கட்டும். ஆவடியிலோ பூந்தமல்லியிலோ அம்பத்தூரிலோ இருக்கும் கால்நடை மருத்துவர் யாராவது இதைப் படித்தால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாயின் காலிலோ பூனையின் பக்கவாட்டிலோ கொப்புளம் உடைந்து வெள்ளை நூல் தொங்கினால், அறுக்காமல் மெதுவாக ஈரத்துணியில் சுற்றி எடுங்கள். அந்த விலங்கைக் குளத்துப் பக்கம் விடாதீர்கள். புழுவை ஃபார்மலினில் போடவேண்டாம், ஆல்கஹால் போதும். எந்த ஊர், எந்தத் தெரு, என்ன தேதி, மீன் குடல் தின்னுமா, தவளை பிடிக்குமா என்று பென்சிலால் எழுதி உள்ளேயே போட்டுவிடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.